டிராக்டருக்குப் பின்னால் வருவது யார் பொறுப்பு?

மேற்குச் சென்னைப் புறநகரில் இன்று எழும்பும் வீடுகளில் டிராக்டர் டிரெய்லரின் உழைப்பு படாத வீடு அநேகமாக இல்லை. திருமுல்லைவாயல், பட்டாபிராம், திருமழிசை மனைப்பிரிவுகளின் உள்தெருக்களுக்குள் பெரிய லாரி திரும்பாது. முனையில் கொட்டிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து எம்-சாண்டும் ஜல்லியும் செங்கல்லும் டிராக்டரில்தான் வாசலுக்கு வருகின்றன. பழைய வீட்டை இடித்தால் அந்த ரப்பிஷ் போவதும் அதில்தான். 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது பல தெருக்கள் காத்துக்கிடந்தது டிராக்டர் இழுத்துவரும் தண்ணீர்த் தொட்டிக்காக. நேமம், குத்தம்பாக்கம், வெள்ளவேடு பக்கம் மிச்சமிருக்கும் வயல்களுக்கு எரு கொண்டுபோவதும், வைக்கோல் ஏற்றிவருவதும் இதே வண்டி.

இவ்வளவு பேருக்கு வேண்டியிருக்கிற ஒரு வண்டிக்குப் பொறுப்பு என்று வந்தால் மட்டும் ஆள் கிடைப்பதில்லை. டிராக்டருக்கு ஆர்சி இருக்கிறது, இன்சூரன்ஸ் இருக்கிறது, பெயர் சொல்ல ஒரு கம்பெனி இருக்கிறது. பின்னால் மாட்டிய பெட்டிக்கு? விபத்து நடந்த பிறகு கேட்டால் ஓனர் டிரைவரைக் கைகாட்டுவார். டிரைவர் மேஸ்திரி அவசரப்படுத்தியதாகச் சொல்வார். மேஸ்திரி, வீட்டுக்காரர் கொடுக்கிற ரேட்டுக்கு இதுதான் முடியும் என்பார். வீட்டுக்காரர், இதையெல்லாம் பார்க்கத்தானே ஆர்டிஓவும் போலீஸும் இருக்கிறார்கள் என்பார். நால்வர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருப்பதுதான் சிக்கல்.

இந்த வட்டாரத்துக்கு வண்டி புதிதல்ல. டிராக்டர் செய்யும் டாஃபே 1960இல் தொடங்கியது. அதன் ஆலை செம்பியத்தில். அதே ஆண்டில் உருவான வீல்ஸ் இந்தியாவும், 1962இல் வந்த பிரேக்ஸ் இந்தியாவும் பாடியில். ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை 1961இல் அமைந்து, 1965இல் விஜயந்தா டாங்கியை வெளியே அனுப்பியது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் அச்சு, போல்ட், ஸ்பிரிங், காஸ்டிங் என்று எதைக் கேட்டாலும் செய்துகொடுக்க ஒரு ஷெட் இருக்கும். நாட்டுக்கே சக்கரமும் பிரேக்கும் செய்துகொடுக்கும் ஊரில், நம் தெருவுக்கு வரும் டிரெய்லர்களில் பெரும்பாலானவை பிரேக் இல்லாமல்தான் ஓடுகின்றன.

காரணம் நமக்குத் தெரியாததல்ல. டிரெய்லர் பெரும்பாலும் ஷோரூமில் வாங்கும் பொருளாக இல்லை, சாலையோரப் பட்டறையில் சொல்லிச் செய்யும் பொருளாக இருக்கிறது. அந்த வெல்டர்களின் கைத்திறனில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சி-சேனலை வெட்டி, தகடு வளைத்து, பத்து வருஷம் ஆடாத பெட்டியைக் கட்டித்தருகிறார்கள். அவர்களிடம் நாம் என்ன கேட்கிறோம் என்பதைத்தான் யோசிக்க வேண்டும். 'பக்கத் தகட்டை ஒரு சாண் ஏத்திக் கட்டுங்க, அரை யூனிட் கூடப் பிடிக்கணும்' என்பதுதான் வாடிக்கையான கோரிக்கை. அச்சு எத்தனை டன் தாங்கும் என்று கேட்பவர் அரிது. அந்த அச்சே பல நேரம் கழித்துப்போட்ட லாரியிலிருந்து புதுப்பேட்டைப் பழைய உதிரிபாகச் சந்தை வழியாக வந்ததாக இருக்கும். எந்த லாரி, எத்தனை வருஷம் ஓடியது, எங்கே விரிசல் என்பதைக் கேட்டறிய யாருக்கும் நேரமில்லை.

எடைக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்போம். ஒரு யூனிட் என்பது நூறு கன அடி. எம்-சாண்ட் ஒரு யூனிட் ஏறத்தாழ நாலரை டன் வரும். மழையில் நனைந்திருந்தால் ஐந்தை எட்டும். சேம்பர் செங்கல் ஒன்று சுமார் மூன்று கிலோ. ஆயிரம் கல் மூன்று டன். தண்ணீருக்குக் கணக்கே வேண்டாம், ஆயிரம் லிட்டர் ஒரு டன். ஐயாயிரம் லிட்டர் தொட்டி என்றால் ஐந்து டன் தண்ணீர், இரும்பின் எடை தனி. இதையெல்லாம் இழுக்கும் நாற்பது, நாற்பத்தைந்து குதிரைத்திறன் டிராக்டரின் எடை எவ்வளவு? ஏறக்குறைய இரண்டு டன். இரண்டு டன் வண்டி தன்னைவிட இரண்டரை, மூன்று மடங்கு எடையை இழுப்பதில் பிரச்சினை இல்லை, அதற்கான இன்ஜின் அது. நிறுத்துவதில்தான் பிரச்சினை. மேம்பாலத்தில் இறங்கும்போது டிரைவர் பிரேக்கை மிதிக்கிறார். டிராக்டர் நிற்கப் பார்க்கிறது, பின்னால் இருக்கும் ஆறு டன் நிற்க மறுக்கிறது. அது முன்னே தள்ளும், பக்கவாட்டில் மடியும், டிராக்டரையே புரட்டிப்போடும்.

தண்ணீர் டிரெய்லரில் இன்னொரு ஆபத்து உண்டு. தொட்டி நிறைந்திருக்கும்போது ஆட்டம் குறைவு. பாதி காலியானதும் உள்ளே தண்ணீர் அலைமோதத் தொடங்கும். வளைவில் திரும்பினால் அத்தனையும் ஒரே பக்கம் சாயும். தொட்டிக்குள் குறுக்கே தடுப்புத் தகடுகள் வைத்தால் இந்த அலை அடங்கும். செலவு சில தகடுகளும் ஒரு நாள் வெல்டிங்கும்தான். நாலு வீட்டில் இறக்கிவிட்டு ஐந்தாவது வீட்டுக்கு அரைத் தொட்டியோடு போகும் வண்டிக்குத்தான் அது ரொம்பவும் தேவை. நம் தெருக்களில் நடப்பதும் அந்த வியாபாரம்தான்.

டிராக்டரில் ஏறிப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். வலது காலுக்கு ஒன்றல்ல, இரண்டு பிரேக் பெடல்கள். ஒன்று இடது பின்சக்கரத்துக்கு, இன்னொன்று வலது பின்சக்கரத்துக்கு. உழும்போது சால் முடிவில் சட்டென்று திரும்ப ஒரு பக்கத்தை மட்டும் மிதிக்க வேண்டும், அதற்காகவே இந்த ஏற்பாடு. சாலைக்கு வந்ததும் இரண்டையும் இணைக்க ஒரு சின்னத் தாழ் உண்டு. அதைப் போட மறந்துவிட்டு, லோடோடு போகும்போது ஒரு பெடலை மட்டும் அழுத்தினால் வண்டி அந்தப் பக்கம் இழுத்துக் கவிழும். உழவு ஓட்டிப் பழகியவர் கட்டட லோடுக்கு வரும்போது இது நடக்க எல்லா வாய்ப்பும் இருக்கிறது. தாழைப் போட ஒரு நொடி போதும். அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியவர் ஓனர்.

அடுத்தது கொக்கி. டிராக்டரையும் டிரெய்லரையும் சேர்த்துப் பிடித்திருப்பது ஒரே ஒரு பின். அதற்கென்று செய்த கெட்டியான பின்னும், அது மேலே எழும்பாமல் தடுக்கும் பூட்டுப் பின்னும் இருக்க வேண்டிய இடத்தில், சைட்டில் கிடந்த முறுக்குக் கம்பித் துண்டை வளைத்துச் செருகியிருப்பதைப் பல வண்டிகளில் பார்க்கலாம். பள்ளத்தில் விழுந்து எழும்போது அந்தக் கம்பி துள்ளி வெளியே வந்தால், டிராக்டர் தன்பாட்டுக்குப் போகும், டிரெய்லர் எதிரே வருபவரை நோக்கிப் போகும். பின் கழன்றாலும் இரண்டும் பிரியாமலிருக்க ஒரு பாதுகாப்புச் சங்கிலி போட்டால் போதும். விலை, நாலு பேர் சாப்பிடும் ஹோட்டல் பில்லுக்கு மேல் வராது.

இரண்டு சக்கர டிரெய்லரா, நாலு சக்கரமா என்பதும் வாங்கும்போதே யோசிக்க வேண்டியது. இரண்டு சக்கரத்தில் சுமையின் ஒரு பங்கு டிராக்டரின் கொக்கியில் உட்காரும். அதனால் டிராக்டரின் பின்சக்கரத்துக்குப் பிடிப்பு கூடும், குறுகிய தெருவில் ரிவர்ஸ் எடுப்பதும் சுலபம். ஆனால் லோடை முன்பக்கம் அதிகம் ஏற்றினால் டிராக்டரின் முன்சக்கரம் லேசாகி ஸ்டீயரிங் பேச்சைக் கேட்காது. பின்பக்கம் அதிகம் ஏற்றினால் கொக்கி மேலே எகிறப் பார்க்கும். சுமை அச்சுக்குக் கொஞ்சம் முன்னால் பரவி இருக்க வேண்டும். நாலு சக்கரத்தில் எடை கூடுதலாக ஏற்றலாம், ஆனால் பிரேக் இல்லாமல் அதைச் சாலையில் ஓட்டுவது வம்பை விலைக்கு வாங்குவது. உள்தெரு வேலைக்கு மூன்று டன் இரண்டு சக்கரமே போதும். இரண்டு நடைக்குப் பதிலாக ஒரே நடையில் முடிக்கும் ஆசைதான் பெரிய பெட்டியைக் கேட்கிறது.

இருட்டிய பிறகு கதையே வேறு. வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையில் கார்கள் எண்பதில் போகின்றன, டிராக்டர் இருபதில் போகிறது. வித்தியாசம் மணிக்கு அறுபது கிலோமீட்டர். அதாவது நொடிக்குப் பதினாறு, பதினேழு மீட்டர். லோ பீம் வெளிச்சத்தில் ஐம்பது மீட்டர் தொலைவில் ஒரு துருப்பிடித்த தகடு கண்ணில் படுகிறது என்றால், கார்க்காரருக்கு இருப்பது மூன்று நொடி. அந்த மூன்று நொடியில், முன்னால் இருப்பது லாரியா, நின்ற வண்டியா, ஊர்ந்துபோகும் வண்டியா என்று அவர் கண்டுபிடிக்க வேண்டும். அமெரிக்காவில் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் 1960களிலேயே இதற்கு ஒரு வழி கண்டார்கள்: மெதுவாகப் போகும் வண்டிகளின் முதுகில் ஆரஞ்சு நிற முக்கோணம், சுற்றிலும் ஒளியைத் திருப்பியடிக்கும் சிவப்பு விளிம்பு. பார்த்ததும் கால் தானாகப் பிரேக்குக்குப் போகும். நம் ஊரில் கரும்பு சீசனில் போலீஸார் டிராக்டர்களை நிறுத்தி ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டும் படம் செய்தித்தாளில் வருவது வழக்கம். நல்ல காரியம். ஆனால் மேற்குப் புறநகரில் சீசன் என்று ஒன்று கிடையாது, வருஷம் முழுக்கக் கட்டட வேலைதான். சேறும் சிமென்ட்டும் படிந்த ஸ்டிக்கர் ஒட்டாத ஸ்டிக்கருக்குச் சமம் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். காலையில் ஒரு ஈரத்துணியால் துடைப்பது டிரைவர் வேலையின் பகுதியாக வேண்டும்.

நிறுத்திவைத்த டிரெய்லர் ஓடும் டிரெய்லரைவிட மோசம். டிராக்டரை மட்டும் கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். பெட்டி அங்கேயே ஓரமாக, செங்கல் அடுக்கின் மேல் இழுவைக் கம்பி சாலைப் பக்கம் நீட்டிக்கொண்டு, சக்கரத்துக்கு ஒரு கருங்கல்லோடு நிற்கும். வேலை முடிந்து பைக்கில் வரும் ஒருவரின் முழங்கால் உயரத்தில் அந்தக் கம்பி இருக்கும். அது வீட்டுக்காரரின் மனைக்கு எதிரேதானே நிற்கிறது? உள்ளே இழுத்து நிறுத்தச் சொல்ல அவருக்கு எந்தச் சட்டமும் தேவையில்லை.

டிரெய்லரில் ஆள் ஏற்றுவதைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 2022 அக்டோபர் 1 அன்று உத்தரப் பிரதேசத்தின் கான்பூர் மாவட்டம் காட்டம்பூர் அருகே, கோயிலிலிருந்து திரும்பிய பக்தர்களின் டிராக்டர் டிரெய்லர் குளத்தில் கவிழ்ந்து இருபத்தைந்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். 2024 பிப்ரவரியில் அதே மாநிலத்தின் காஸ்கஞ்சில் மீண்டும் அதே போல, மீண்டும் ஒரு குளம், இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள். வடக்கே நடப்பது என்று தள்ளிவிட முடியாது. ஆடி மாதத்தில் பெரியபாளையம் பவானி அம்மன் கோயிலுக்கு நம் பகுதியிலிருந்து குடும்பம் குடும்பமாகச் சரக்கு வண்டிகளில் ஏறிப் போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அன்றாடம், எம்-சாண்ட் குவியலின் மேலேயும் செங்கல் அடுக்கின் மேலேயும் உட்கார்ந்து சைட்டுக்குப் போகும் சித்தாள்களைப் பார்க்காதவர் நம்மில் யார்? பஸ் காசு கொடுக்க மேஸ்திரிக்கு மனமில்லை, கேட்க அவர்களுக்கு வாயில்லை. வண்டியில் பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை, விழுந்தால் இன்சூரன்ஸ் இல்லை.

சட்டம் இதில் மௌனமாக இருக்கிறது என்று நினைத்தால் தவறு. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் டிரெய்லரையும் ஒரு வாகனமாகத்தான் வரையறுக்கிறது. 61ஆம் பிரிவின்படி டிரெய்லருக்குத் தனிப் பதிவு எண் வேண்டும், அது பக்கவாட்டில் தெரிய வேண்டும். பின்புறம் அதை இழுக்கும் டிராக்டரின் எண் தெரிய வேண்டும். 194ஆம் பிரிவு, 2019 திருத்தத்துக்குப் பிறகு, அதிக எடைக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் என்கிறது. அந்தப் பிரிவின் வாசகத்தில் இன்னொன்றும் இருக்கிறது: ஓட்டுகிறவர் மட்டுமல்ல, அப்படி ஓட்டச் செய்கிறவரும் ஓட்ட அனுமதிக்கிறவரும் அதற்குள் வருகிறார்கள். டிராக்டர் லைசென்ஸ் வைத்திருப்பவர் டிரெய்லர் மாட்டினால் லைசென்ஸ் செல்லாது என்று ஒரு பேச்சு உண்டு. உச்ச நீதிமன்றம் 2001இல் நாகஷெட்டி வழக்கிலேயே அதை ஏற்கவில்லை. டிரைவர்கள் பயப்பட வேண்டியது அதற்கு அல்ல. விவசாய உபயோகத்துக்கென்று எடுத்த பாலிசியை வைத்துக்கொண்டு வாடகை லோடு அடித்து விபத்து நடந்தால், இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மறுக்க வழி இருக்கிறது. 'முதலில் நீ கொடு, பிறகு ஓனரிடம் வசூலித்துக்கொள்' என்று தீர்ப்பாயம் சொன்னாலும் கடைசியில் கடன் ஓனர் தலையில்தான். ஒரு விபத்து, பாதிக்கப்பட்ட குடும்பத்தோடு டிராக்டர்காரரின் நிலத்தையும் கொண்டுபோகும்.

அதற்காக டிராக்டரைத் தடை செய்யுங்கள் என்று எழுதுவது எளிது, நியாயம் அல்ல. வங்கிக் கடனில் டிராக்டர் வாங்கிய விவசாயிக்கு உழவு வேலை வருஷத்தில் சில மாதங்கள்தான். சுற்றிலும் வயல்கள் மனைகளாகிவிட்ட ஊரில் அதுவும் சுருங்கிவிட்டது. மற்ற மாதங்களில் தவணை கட்ட அவருக்கு இருக்கும் ஒரே வழி கட்டட லோடு. அவரை நடுரோட்டில் நிறுத்தி ஒரே நாளில் இருபதாயிரம் எழுதினால், மறுநாள் அவர் ஒழுங்காக ஏற்றப்போவதில்லை. விட்ட காசைப் பிடிக்க இரவில் இரண்டு நடை கூட அடிப்பார். அபராதம் கடைசி ஆயுதமாக இருக்கட்டும், முதல் ஆயுதமாக வேண்டாம்.

என் பார்வையில் முடிச்சு ரேட்டில்தான் இருக்கிறது. 'ஒரு லோடு எவ்வளவு?' என்று கேட்கிறோம். லோடு என்று பேசினால், பெட்டி எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவும் நமக்கு லாபம் என்ற எண்ணம் வருகிறது. அண்டை மனைக்காரருக்குக் குவித்துக் கொட்டியதைப் பார்த்து, நமக்கும் குவித்து வேண்டும் என்கிறோம். 'டன் எவ்வளவு, நடை எவ்வளவு?' என்று கேட்டால் இந்தப் போட்டிக்கே இடமில்லை. மூன்று டன் என்றால் மூன்று டன்னுக்குக் காசு; இன்னொரு நடை வேண்டுமென்றால் இன்னொரு நடைக்குக் காசு. ஐம்பது லட்சத்துக்கு வீடு கட்டுபவருக்கு, எல்லா மணலும் ஜல்லியும் சேர்த்து இதனால் கூடும் செலவு ஹால் டைல்ஸில் ஒரு ரகம் மேலே போவதைவிடக் குறைவாகவே இருக்கும். கட்டட இன்ஜினியர்களும் புரமோட்டர்களும் இதை முதலில் தொடங்க வேண்டும், ஏனென்றால் மேஸ்திரி அவர்கள் சொல்வதைக் கேட்பார்.

பட்டறைக்காரர்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. செய்துகொடுக்கும் ஒவ்வொரு டிரெய்லரிலும் வெற்று எடை எவ்வளவு, எத்தனை டன் ஏற்றலாம் என்று ஒரு தகட்டில் பொறித்துப் பற்றவையுங்கள், கூடவே உங்கள் பட்டறையின் பெயரையும். பெயர் போட்ட பொருளில் யாரும் விரிசல் அச்சைப் பொருத்த மாட்டார்கள்.

அரசுத் துறைகளுக்கு வருவோம். அம்பத்தூர் சென்னை மாநகராட்சியின் ஏழாவது மண்டலம், ஆவடி 2019 முதல் தனி மாநகராட்சி, பூவிருந்தவல்லி நகராட்சி. வண்டிப் பதிவுக்கு டிஎன் 13, டிஎன் 12 என்று தனித்தனி அலுவலகங்கள். ஆனால் மூன்று ஊருக்கும் சேர்த்து 2022 ஜனவரி முதல் ஆவடி போலீஸ் கமிஷனரேட் இருக்கிறது. ஆகவே இவர்களை ஒரே மேசையில் உட்காரவைப்பது முடியாத காரியமல்ல. டிராக்டர் ஓனர்கள் ஆர்டிஓ அலுவலகத்துக்கு வர மாட்டார்கள், வந்தால் புரோக்கரோடுதான் வருவார்கள். அலுவலகம் அவர்களிடம் போகட்டும். திருமழிசையிலும் திருநின்றவூரிலும் ஞாயிற்றுக்கிழமை முகாம் போட்டு, பதிவில்லாத டிரெய்லர்களைச் சோதித்துப் பதிவு செய்து, அங்கேயே ரிஃப்ளெக்டர் பட்டை ஒட்டி அனுப்பட்டும். அதற்கு ஒரு கெடு வைத்து, கெடு முடிந்த பிறகு அபராதம் போட்டால் யாரும் முணுமுணுக்க முடியாது. அதற்கு முன் உள்ளாட்சிகள் தங்கள் ஒப்பந்ததாரர்களின் டிராக்டர்களைச் சரிசெய்யட்டும். மாநகராட்சிப் பணிக்கு வரும் வண்டியே டெயில் லைட் இல்லாமல் போனால் மற்றவரை நிறுத்திக் கேட்க வாய் வராது.

காரிலும் பைக்கிலும் போகும் நமக்கும் இதில் பங்கு உண்டு. சென்னை–திருவள்ளூர் நெடுஞ்சாலையான சிடிஹெச் சாலையில் டிராக்டர் பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டே ஒட்டிப் போவதும், இடதுபக்கம் நுழைவதும் வேண்டாம். நீளமான வண்டி இடப்பக்கம் திரும்ப வலப்பக்கம் கொஞ்சம் அகலமாக எடுத்தே ஆகவேண்டும். அதை நமக்கு வழிவிடுவதாக எடுத்துக்கொண்டு நுழைபவர்தான் சக்கரத்தில் சிக்குகிறார்.

ஊராட்சிகளில் கிராம சபை ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் கூடுகிறது. இப்போது மார்ச் 22, நவம்பர் 1 நாள்களும் சேர்ந்திருக்கின்றன. நகரப் பகுதிகளில் வார்டு அளவில் பகுதி சபைகள் இருக்கின்றன. அடுத்த கூட்டத்தில் உங்கள் ஊரிலோ வார்டிலோ மூன்று விஷயத்தைத் தீர்மானமாகப் போடச் சொல்லுங்கள்: ரிஃப்ளெக்டரும் சங்கிலியும் இல்லாத டிரெய்லருக்கு நம் தெருவில் லோடு இறக்க அனுமதி இல்லை, டிரெய்லரில் ஆள் ஏற்றக் கூடாது, இரவில் பெட்டியைச் சாலையில் விட்டுப்போகக் கூடாது. டிராக்டர் ஓனர்களையும் அந்தக் கூட்டத்துக்கு அழையுங்கள், அவர்கள் பேசிய பிறகு தீர்மானம் போடுங்கள். அதுவரை காத்திருக்க முடியாதவர்கள், நாளைக் காலை வீட்டு வாசலில் வண்டி வந்து நிற்கும்போது கொக்கியில் இருப்பது பின்னா கம்பியா என்று குனிந்து பாருங்கள். கம்பி என்றால், பின் போட்டுக்கொண்டு வரச் சொல்லிவிட்டு லோடை இறக்குங்கள்.